விருந்தாளி கிளம்ப மறுக்கிறார், அவருடைய பாஸ்போர்ட் எங்கள் பீரோவில்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். எங்கள் சொந்த அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை இணையதளம் மூலம் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கொடுத்து வருகிறோம். ஐந்து நாளுக்குப் பதிவு செய்து வந்த ஒருவர், "இனி நேரடியாகவே பணம் தருகிறேன்" என்று சொல்லித் தொடர்ந்து தங்கினார். இப்போது பத்து நாளாகப் பணமும் வரவில்லை, ஆளும் கிளம்பவில்லை. "நான் வாடகைதாரர், வெளியேற்ற முடியாது" என்கிறார். பாதுகாப்புக்காக அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறோம். கரண்டை நிறுத்திப் பூட்டை மாற்றிவிடலாம் என்கிறான் மகன். போலீசுக்குப் போகலாமென்றால், வெளிநாட்டவர் தங்கினால் ஏதோ படிவம் தர வேண்டுமாமே, அதை நாங்கள் கொடுத்ததே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் விசா பக்கத்தோடு சேர்த்து நகல் எடுத்து, விசா எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கலாம், நகல் வைத்துக்கொள்ளலாம்; பணத்துக்கு ஈடாகப் பிடித்து வைக்க முடியாது. 2008-இல் சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் ஒரு பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாமே தவிர, அதை முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு என்றது. அது இந்திய பாஸ்போர்ட் பற்றிய வழக்குதான். ஆனாலும் போலீசுக்கே இல்லாத அதிகாரம் வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வரும்? அவர் தன் நாட்டுத் தூதரகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், புகார் உங்கள் மேல் திரும்பிவிடும்.

அடுத்தது அந்தப் படிவம். பலரும் 'ஃபார்ம் சி' என்று சொல்வது அதைத்தான். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள், தங்க இடம் கொடுத்தவர் அவருடைய பாஸ்போர்ட், விசா, வருகை விவரங்களைக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் இருந்த இந்தக் கடமை, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது. ஒரே ஓர் அறைதானே, நாங்கள் என்ன ஓட்டலா என்ற வாதம் எடுபடாது. காசு வாங்கித் தங்க வைக்கிறீர்கள், அவ்வளவுதான். விருந்தாளி நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவராக இருந்தாலும், கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவர்தான்.

இன்றைக்கே அந்தத் தளத்தில் கணக்கு தொடங்கிப் பதியுங்கள். வருகைத் தேதியை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அவர் முதலில் பதிவு செய்த மின்னஞ்சலில் உண்மையான தேதி இருக்கிறது. பொய்த் தேதி போட்டால் தாமதம் என்ற சின்னக் குற்றம் பெரிதாகிவிடும். பதிந்த பிறகு, தாமதத்துக்கான காரணத்தை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, உள்ளூர் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நடவடிக்கையே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் தானாக வந்து சொன்னவரையும், சோதனையில் சிக்கியவரையும் எந்த அதிகாரியும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

சரி, அவர் வாடகைதாரரா? நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இல்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவு, சொத்தில் எந்த உரிமையும் தராமல் அதைப் பயன்படுத்த மட்டும் கொடுக்கும் அனுமதியை 'உரிமம்' என்கிறது. ஓட்டலில் தங்குகிறவருக்கு இருப்பது அதுதான். வாடகையா உரிமமா என்பதைத் தாளில் இருக்கும் பெயரை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது, இரு தரப்பின் எண்ணத்தையும் இடம் யார் கைவசம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று 1959-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் சின்னச் சின்ன விஷயங்கள் இங்கே பெரிய சாட்சி: மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கிறதா, அறையை நீங்கள் பெருக்குகிறீர்களா, சமையலறை பொதுவா, கணக்கு நாள் வீதமா. இவற்றுக்கு 'ஆம்' என்றால் அவர் உரிமதாரர்தான். மாத வாடகை என்று வாட்ஸ்அப்பில் எங்கேயாவது எழுதித் தந்திருந்தால் மட்டும் என்னிடம் தனியாகக் காட்டுங்கள், அது வேறு கதை.

உரிமத்தை நீங்கள் ரத்து செய்யலாம். ஆனால் சாமான்களோடு வெளியேற நியாயமான அவகாசம் தர வேண்டும். உங்கள் நிலையில் 48 மணி நேரம் போதுமென்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதி நேரில் கொடுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கெடு முடிந்த பிறகும் மிரட்டிக்கொண்டோ, வேண்டுமென்றே தொல்லை கொடுத்துக்கொண்டோ இருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆவது பிரிவின்படி குற்ற அத்துமீறல். அப்போது போலீசில் எழுத்துப் புகார் கொடுக்கலாம். மகன் சொல்லும் வழி வேண்டவே வேண்டாம். பூட்டை மாற்றிய நிமிடத்தில் அவர் புகார்தாரர், நீங்கள் எதிராளி.

விசாத் தேதியைப் பார்க்கச் சொன்னேனே, அது முடிந்திருந்தால் 48 மணி நேரம்கூடக் காத்திருக்காமல் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். காலாவதிக்குப் பிறகு தங்கினால் புதிய சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சிக்கலுக்குள் நீங்கள் இழுக்கப்படக் கூடாது. இந்தத் தேதியை அவரிடம் அமைதியாக நினைவூட்டினாலே பெரும்பாலும் பெட்டி கட்டிவிடுவார்.

பத்து நாள் பாக்கியைக் கேட்டுப் பாருங்கள், தந்தால் சரி. தராமல் ஊருக்குப் போனவர்மீது இங்கே வழக்குப் போட்டால் பாக்கியைவிடச் செலவுதான் அதிகமாகும். நேரடியாகப் பணம் வாங்கித் தங்க வைத்ததால் இணையதளத்தின் பாதுகாப்பும் அந்த நாட்களுக்குக் கிடைக்காது.

குடியிருப்போர் சங்கத்தின் விதிகளை நீங்கள் படித்ததாகத் தெரியவில்லை. குறுகிய காலத் தங்கலுக்குத் தடை இருந்தால், அடுத்த விருந்தாளிக்குச் சரி சொல்வதற்கு முன் சங்கத்திடம் பேசி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனியாகத் தங்க வைத்து வாங்கிய ரொக்கத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள்.