கலிஃபோர்னியாவில் ஒரே ஏஆர்-15 ரைஃபிள் ஏன் இரண்டு விதமாக விற்கப்படுகிறது?

கலிஃபோர்னியா சட்டம் முதலில் பார்ப்பது மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) கையோடு கழன்று வருமா என்பதைத்தான். சென்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் பற்றவைக்கும்) செமி ஆட்டோமேட்டிக் (விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா சுடும்) ரைஃபிளில் அது கழன்று வந்தால், பிஸ்டல் கிரிப் (கைத்துப்பாக்கி மாதிரி பிடிக்கும் கைப்பிடி), மடங்கும் அல்லது நீளம் மாறும் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை), ஃபிளாஷ் ஹைடர் (குழல் முனையில் சுடும் ஒளியைக் குறைக்கும் பாகம்), முன்பக்கம் பிடிக்கும் பிஸ்டல் கிரிப், இதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது தடை செய்யப்பட்ட 'அசால்ட் வெப்பன்'.

அதனால் ஒரு கடைக்காரர் கைப்பிடியில் பெருவிரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி துடுப்பு மாதிரி ஒரு தகட்டை வைத்து, ஸ்டாக்கை அசையாமல் பூட்டி, ஃபிளாஷ் ஹைடரையும் எடுத்துவிட்டு 'ஃபீச்சர்லெஸ்', அதாவது அந்த அம்சங்கள் இல்லாதது, என்று விற்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு மேகசினைப் பூட்டுகிறார். முன்பு புல்லட் பட்டன் என்ற பூட்டு போதும், தோட்டா முனையால் குத்தினால் மேகசின் விழும். 2017 ஜனவரியிலிருந்து அது செல்லாது. துப்பாக்கியின் இயங்கு பகுதியைப் பிரித்தால்தான் மேகசின் வெளியே வர வேண்டும், அதாவது பின்பக்க ஊசியை இழுத்து துப்பாக்கியின் மேல்பாதியைத் தூக்கணும்.

சரி, எது நல்லது? அடிக்கடி சுடும் பயிற்சிக்கு ரேஞ்சுக்குப் போகிறவர் என்றால் ஃபீச்சர்லெஸ்தான், ஏனென்றால் ஒவ்வொரு மேகசினுக்கும் பிரித்து மூடுவது பெரிய தொல்லை. ஆனால் மொத்த நீளம் 30 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, பூட்டிய மேகசின் 10 தோட்டாவுக்கு மேல் கொண்டாலோ இரண்டு வழியும் உதவாது. அப்புறம், வீட்டில் ஆசைக்காக ஃபீச்சர்லெஸ் துப்பாக்கியின் அந்தத் தகட்டைக் கழற்றி சாதாரண கிரிப் மாட்டிப் பார்க்காதீர்கள், மாட்டிய நிமிடமே அது சட்டவிரோத ஆயுதம்.