திட்டத்தைத் திருத்தியவர் எங்கே?

கேள்வி: இயற்பியலில் பிஎச்டி முடித்து ஒன்றரை ஆண்டாகிறது. என் துறை பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலம். ஒரே நேரத்தில் இரண்டு போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று அமெரிக்காவில், பேட்டரி ஆய்வு. இன்னொன்று ஜெர்மனியில், என் பழைய துறையே. இரண்டுமே இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மனைவியையும் மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவேன். மனைவியும் இயற்பியலில் பிஎச்டிதான்; என் ஆய்வுத் திட்டத்தைக்கூட அவர்தான் திருத்திக் கொடுத்தார். எதில் சேர்ந்தால் நிரந்தர வேலை கிடைக்கும்?

பதில்: எதில் சேர்ந்தாலும் உத்தரவாதம் கிடையாது. போஸ்ட்டாக் என்பதே குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான வேலை.

துறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-ல் பெரோவ்ஸ்கைட் மின்கலத்தின் திறன், அதாவது வெயிலை மின்சாரமாக மாற்றும் அளவு, 4 சதவீதத்துக்கும் கீழே இருந்தது; இன்று ஆய்வகத்தில் 26-ஐத் தாண்டிவிட்டது. அதனாலேயே அங்கே கூட்டம் அதிகம். ஈரத்திலும் சூட்டிலும் கெட்டுப்போகாத கலம்தான் இன்னும் சரியாகக் கைகூடவில்லை. ஜெர்மன் குழு அதில் இறங்கியிருந்தால் போகலாம். பேட்டரி தெரிந்தவருக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் வேலை உண்டு. இரண்டு குழுவிலும் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பேராசிரியரிடம் கேட்காதீர்கள், அவர்களிடமே கேளுங்கள்.

சரி, உங்கள் மனைவிக்கு வருவோம். எழுத்துப்பிழை பார்க்கத் தெரிந்தால் மட்டும் ஆய்வுத் திட்டத்தைத் திருத்திவிட முடியாது. எந்த அளவீடு எதை நிரூபிக்கும், எது இரண்டு ஆண்டில் முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். அதெல்லாம் தெரிந்தவரைக் குழந்தையோடு சேர்த்து, கூட்டிக்கொண்டு போகும் கணக்கில் எழுதிவிட்டீர்கள். அவர் எதில் ஆய்வு செய்தார், எப்போது நிறுத்தினார், மறுபடி தொடங்க ஆசையா? ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

இதே கடிதம் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. முதலில் கணவர் எழுதுவார். மூன்றாவது நாடு மாறும்போது மனைவி எழுதுவார். அதற்குள் பல வாய்ப்புகளுக்குக் கெடு தாண்டியிருக்கும். ஜெர்மனியின் ஹம்போல்ட் போஸ்ட்டாக் நிதிக்கு பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஐரோப்பாவின் மேரி கியூரி நிதிக்கு 8 ஆண்டு. குழந்தைக்காக விட்ட காலத்துக்குச் சலுகை உண்டு, ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

குடும்பம் என்றால் யாராவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் முறை மாற்றி விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவரே எப்போதும் விட்டுக்கொடுத்தால் மற்றவர் அதை வழக்கம் என்றே எடுத்துக்கொள்வார், நீங்கள் எடுத்துக்கொண்டதைப் போல.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் விசாவைப் பாருங்கள். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போனால், ஜே-2 என்ற குடும்ப விசாவில் வரும் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பி என்ற வேலை விசா என்றால், அதன் குடும்ப விசாவான எச்-4-ல் வருபவருக்குப் பெரும்பாலும் அந்த வழி கிடையாது. கணவன் மனைவி இருவருக்கும் வேலை தேட உதவும் அலுவலகம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அது போஸ்ட்டாக் குடும்பங்களுக்கும் உதவுமா என்று இரண்டு இடத்துக்கும் எழுதிக் கேளுங்கள். இப்படிக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் பேராசிரியரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

அப்புறம், மேரி கியூரி விண்ணப்பக் கெடு பெரும்பாலும் செப்டம்பரில் வரும். அவர் தயார் என்றால், அதற்கு முந்தைய வாரங்களில் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய திட்டத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலையும் உங்களுடையதுதான்.