32 பிட் விண்டோஸ் 10-ஐ 64 பிட்டாக மாற்ற: செட்டப் ஓட மறுக்கிறது

8 ஜிபி ரேம் இருந்தும் மூன்று ஜிபி சொச்சம்தான் தெரிகிறது, 64 பிட்டுக்கு மாறலாம் என்று செட்டப்பைத் திறந்தால் "இந்தக் கணினியில் ஓடாது" என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 32 பிட்டின் மேலேயே 64 பிட்டை ஏற்ற முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். 64 பிட் செட்டப்பை நீங்கள் விண்டோஸுக்குள்ளிருந்து திறந்ததால்தான் "இந்தக் கணினியில் ஓடாது" என்கிறது. 8 ஜிபி ரேமில் மூன்று சொச்சம் மட்டும் தெரிவதும் அதே 32 பிட்டின் வேலை. ரேம் பழுதில்லை.

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்டில் சிஸ்டம் டைப்பைப் பாருங்கள். 'எக்ஸ்64 புராசசர்' என்றிருந்தால் மட்டும் தொடருங்கள்.

1. மீடியா கிரியேஷன் டூலால் (மைக்ரோசாஃப்ட் தரும், விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் கருவி) 8 ஜிபி பென்டிரைவைத் தயாரியுங்கள். 'இந்தக் கணினிக்கான பரிந்துரை' டிக்கை எடுத்துவிட்டு 64 பிட்டைத் தேர்ந்தெடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது, விட்டால் மறுபடியும் 32 பிட்தான் இறங்கும்.

2. பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள் (கணினியை அதிலிருந்து தொடங்கவையுங்கள்). கீ கேட்டால் 'என்னிடம் இல்லை' கொடுத்து, பழைய எடிஷனையே (ஹோம் என்றால் ஹோம்) தேர்ந்தெடுங்கள். முன்பே ஆக்டிவேட் ஆன கணினி என்றால் இணையம் கிடைத்ததும் தானே ஆகிவிடும்.

'எம்பிஆர் டிஸ்க்' (பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்) என்று பிழை வந்தால், பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு இல்லாத பென்டிரைவ் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

மென்பொருள் எதுவும் மிஞ்சாது, கோப்புகளை முதலில் வெளியே நகலெடுங்கள். பழைய பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்பதையும் பழைய விண்டோஸை அழிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.