அட்டையில் நடிகை, மாடலுக்கு வேலை எங்கே?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: "பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா. மாடலிங்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஃபேஷன் புக்கை எடுத்தா அட்டையில எல்லாம் சினிமாக்காரங்கதான். நம்பி விடலாமா சார்?"

நீங்க பார்த்தது சரிதாம்மா. அமெரிக்க வோக் இதழுக்கு 1988-ல் ஆசிரியராக வந்த அன்னா வின்டோர், அடுத்த வருஷம் மே மாதமே பாடகி மடோனாவை அட்டையில் போட்டார். 1994-ல் வந்த இன்ஸ்டைல் இதழ் பிரபலங்களை வைத்தே விற்றது. தெரிந்த முகம் என்றால் கடையில் கை தானாகப் போகிறது. படம் ரிலீஸாகும் நேரத்தில் நடிகைக்கும் விளம்பரம் வேண்டும். 2007 அக்டோபரில் வோக் இந்தியாவின் முதல் அட்டையில் மாடல்கள் இருந்தார்கள், ஆனால் நடிகைகள் பிபாஷா பாசு, பிரியங்கா சோப்ராவும் கூடவே நின்றார்கள். (நம்ம வார இதழ்களுக்கு இதெல்லாம் பழைய சரக்கு.)

அட்டைப்படத்துக்கு மாடல் வாங்கிய சம்பளம் பெரிதல்ல. அதில் வந்துவிட்டால் சென்ட், மேக்கப் கம்பெனிகள் தேடி வரும், ரேட் ஏறும். அந்த ஏணியைத்தான் நடிகைகள் எடுத்துக்கொண்டார்கள். அன்றாட வேலை அப்படியே இருக்கிறது.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளின் ஆன்லைன் படங்களைப் பாருங்கள். ஒரே பெண் காலையிலிருந்து புடவை மாற்றி மாற்றி நிற்பாள். ரவிக்கை அளவு சேராது. முதுகில் கிளிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். மடிப்புக்கு மடிப்பு ஊக்கு. விற்கப்போகிற புடவை, மேக்கப் கறை படக்கூடாது. இதற்கு நாள் கூலிதான். மாசச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது. ஆடி தள்ளுபடி, தீபாவளிக்கு முன்னால் வேலை குவியும், மற்ற மாசம் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரேம்ப் வாக் (மேடையில் உடுப்பு போட்டு நடந்து காட்டுவது) என்றால் உயரமும் பார்ப்பார்கள்.

அதனால் படிப்பை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். தரமணியில் மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்டில் ஃபேஷன் கம்யூனிகேஷன் என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஸ்டைலிங், போட்டோ, பத்திரிகை வடிவமைப்பு எல்லாம் அதில் வரும். நுழைவுத் தேர்வு உண்டு, பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணியில் இறங்கலாம். ஃபீஸ் கனம்தான். முடியாது என்றால் எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியை விசாரியுங்கள். அட்டையில் நடிகை நின்றாலும், அவருக்குத் துணி தேர்ந்தெடுத்துக் கட்டிவிட ஆள் வேண்டுமே!

படித்துக்கொண்டே லீவு நாளில் ஷூட்டுக்குப் போகட்டும். முதல் சில தடவை நீங்களோ அப்பாவோ கூடப் போங்க. படம் எங்கே, எத்தனை நாள் பயன்படுத்துவார்கள் என்று எழுதி வாங்காமல் கையெழுத்து வேண்டாம். "போர்ட்ஃபோலியோ (வாய்ப்பு கேட்கக் காட்டும் போட்டோ ஆல்பம்) எடுக்கணும், முதல்ல பணம் கட்டுங்க, சான்ஸ் நாங்க தர்றோம்" என்கிற ஏஜென்சிக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீங்க. வேலை தருகிறவன் கமிஷனை அவள் சம்பாதித்த பிறகுதான் எடுப்பான்.