கடல் கூப்பிடுது, மாசச் சம்பளம் விட மாட்டேங்குது

கேள்வி: அக்கா, எனக்கு 35 வயசு. மண்டபம் பக்கம், வடகடல்னு சொல்ற பாக் விரிகுடா ஓரமா வீடு. குரூப் 4 எழுதி ராமநாதபுரத்துல ஒரு அரசு ஆபீஸ்ல வேலைக்கு சேர்ந்து 11 வருஷம் ஆச்சு. மாசக் கடைசியில சம்பளம் டாண்ணு வந்துடும், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அதே ஃபைல், அதே நினைவூட்டுக் கடிதம், காலைல பஸ் ஏறும்போதே நெஞ்சு கனக்குது. அம்மாவும் சித்தியும் கடல்ல தெப்பம் போட்டு கடல்பாசி வளக்குறாங்க, லீவு நாள்ல நானும் இறங்குவேன், அப்பத்தான் மனுசனா இருக்க மாதிரி இருக்கு. 12க்கு 12 அடி மூங்கில் தெப்பம், 45 நாள்ல அறுவடை, அப்ப 45 தெப்பம் போட்டா தினம் ஒண்ணு எடுக்கலாம்னு நோட்டுல கணக்கு போட்டு வச்சிருக்கேன். வீட்டுல சொன்னா, கவர்மெண்டு வேலைய எவனாச்சும் விடுவானான்னு ஒரே சண்டை. விடலாமா?

- பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: தம்பி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். ஆபீஸ பத்தி ரெண்டே வரி, தெப்பத்துக்கு மூங்கில் அளவோட எழுதியிருக்கீங்க. ஆசை எங்கிட்டு இருக்குன்னு தெரியுது, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா நீங்க பாத்தது லீவு நாள் கடல். செவ்வாய்க்கிழமை கடல் வேற தம்பி.

நோட்டு கணக்கு தப்புன்னு சொல்லல, அந்த 45க்கு 45 கணக்கு உங்க பக்கம் எல்லாரும் சொல்றதுதான். ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதைப்பாசி, நல்லா வந்தா 200 கிலோவுக்கு மேல கிடைக்கும், அதுலயே அடுத்த தெப்பத்துக்கு விதை எடுத்து வைக்கணும், மிச்சத்த காயப்போட்டா பத்துல ஒரு பங்குதான் நிக்கும். ஓரா மீன் தின்னுட்டு போகாம அடியில வலை கட்டணும். தென்மேற்குல இருந்து வர்ற கச்சான் காத்துல வடகடல் அமைதியா கெடக்கும், சரி, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு வாடை அடிச்சா தெப்பம் எங்க கெடக்கும்? அந்த ரெண்டு மூணு மாசம் உங்க நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு? வெயில் ஜாஸ்தியானாலும் பாசி வெளுத்து உதிந்துடும், 2013, 2014 வாக்குல அப்படித்தான் பல பேருக்கு மொத்தமா போச்சு, அம்மாகிட்ட கேளுங்க, அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்ப தென்கடல்ல, அதாவது மன்னார் வளைகுடாவுல போடுவோம்னு நினைச்சுடாதீங்க, அங்கிட்டு 21 தீவும் 1986லயே தேசியப் பூங்கான்னு அறிவிச்சது, குருசடைத் தீவு பக்கம் இந்தப் பாசியே பவளப்பாறை மேல ஏறிப் படந்து பெரிய பிரச்சனையாயிருச்சு.

இப்ப ஆபீஸ் பக்கம். ராஜினாமா வேற, விருப்ப ஓய்வு வேற, இத நிறைய பேர் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. விருப்ப ஓய்வுக்கு 20 வருஷ சர்வீஸ் வேணும், இல்லன்னா 50 வயசு ஆகணும், உங்களுக்கு இன்னும் 9 வருஷம் கெடக்கு. இப்ப ராஜினாமா குடுத்தா இந்த 11 வருஷ சர்வீஸ் கணக்குலயே இருக்காது, திரும்பி வரணும்னா லட்சக்கணக்கான பேரோட உக்காந்து மறுபடி பரீட்சை எழுதணும். இன்னொண்ணு நீங்க எழுதவே இல்ல, சிக்கன நாணய சங்கத்துல லோன் இருக்கா? யாருக்காச்சும் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கீங்களா, உங்களுக்கு யார் போட்டிருக்கா? நீங்க கிளம்பிட்டா நோட்டீஸ் அவங்க டேபிளுக்குத்தான் போகும்.

நானும் ஒரு நாள் கோவத்துல நிரந்தர வேலைய விட்டவதான், எந்த ஆபீஸ்னு வேண்டாம். மேலதிகாரி நாலு பேர் முன்னாடி ஃபைல தூக்கிப் போட்டாரு, நான் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன். மூணு மாசம் கழிச்சு அந்த ஆளு டிரான்ஸ்ஃபர்ல போயிட்டாரு, நான் வெளியில நின்னேன். எழுத்து வேலை பிடிச்சுத்தான் வந்தேன்னு இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன், ஆனா அன்னைக்கு எனக்குப் பிடிக்காம போனது வேலையா அந்த மனுசனான்னு இன்னும் பிரிச்சுப் பாக்கத் தெரியல. உங்களுக்கு செக்‌ஷன் மாத்துனா போதுமா? உச்சிப்புளிக்கோ மண்டபத்துக்கோ மாறுதல் கேட்டுப் பாத்தீங்களா? அந்த பஸ் கனம் மட்டும் குறைஞ்சாலே மனசு வேற மாதிரி பேசலாம், பேசாமலும் போகலாம்.

என்னைக் கேட்டா, இப்ப விடாதீங்க. ஈட்டிய விடுப்பு சேந்திருக்கும்ல, அந்த 45 நாளோட காயவைக்கிற நாளும் சேத்து எடுங்க, விதை கட்டுறதுல இருந்து காயவச்சு எடை போடுற வரைக்கும் ஒரு சுத்து முழுசா கூட நில்லுங்க. தொழில் அம்மா பேர்லயே இருக்கட்டும், உங்க பேர்ல பண்ண அரசு ஊழியர் நடத்தை விதி இடம் குடுக்காது, வீட்டு ஆளுக பேர்ல நடக்குறதையும் ஆபீசுக்கு எழுதிக் குடுத்துருங்க. அது முடிஞ்சு வேலைக்குத் திரும்பி, ஒரு வாடைக்காலம் அம்மா எப்படி சமாளிக்கிறாங்கன்னு செலவு வரவோட அதே நோட்டுல எழுதுங்க. அதுக்கப்புறமும் விடணும்னு தோணுச்சுன்னா வீட்டுல சண்டை போட உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கும், இப்ப ஆசை மட்டும்தான் இருக்கு.

கடைசியா ஒண்ணு. 45 தெப்பம்னு எழுதுனீங்க, ஒரு தெப்பத்துக்கு 20 கயிறு, ஒரு கயிறுக்கு 20 முடிச்சு, அத யார் கட்டப் போறாங்கன்னு எழுதல. உங்க அம்மா இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா? லெட்டர் முழுக்க தேடுனேன், அவங்ககிட்ட கேட்ட மாதிரியே தெரியல. கேட்டுட்டு எழுதுங்க. முதல் நாள் தண்ணிக்குள்ள இறங்கும்போது விரல்ல சுத்திக்க பழைய துணி வேணும், அவங்ககிட்டயே கேளுங்க, கிழிச்சுக் குடுப்பாங்க.