அக்கா பதில்கள்: சம்பளமில்லாத பயிற்சிக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறாள். குடும்ப உறவுகள் பற்றிய பாடம் என்றால் அவளுக்கு உயிர். அடுத்து குடும்ப சேவை நிலையத்தில் களப்பயிற்சி. சம்பளம் கிடையாதாம், பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் புள்ளிகள் மட்டும்தானாம். "அடுத்தவன் வீட்டுச் சண்டையைப் பார்க்க ஒரு பட்டமா?" என்கிறார் என் கணவர். நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: என் அப்பாவும் இதையேதான் கேட்டார், அம்மா. நான் வாதாடவில்லை. வகுப்பில் கற்ற ஜீனோகிராமை, அதாவது குடும்ப உறவுகளைக் குறிகளால் காட்டும் படத்தை, ஒரு தாளில் எங்கள் குடும்பத்துக்கே வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்துபோன பாட்டியின் வட்டத்துக்குள் பெருக்கல் குறி. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே மட்டும் மேலும் கீழுமாய் ஒடிந்து ஒடிந்து போகும் கோடு. அது மனத்தாங்கலுக்கான குறி. அப்பா அந்தக் கோட்டையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தடுக்கவில்லை.

சமூகப்பணி இங்கே 1952 முதல் பல்கலைக்கழகப் படிப்பு. களப்பயிற்சி இரண்டு முறை, ஒவ்வொன்றும் 400 மணி நேரம். அதை முடிக்காமல் அந்தப் பட்டம் கிடையாது. ஆகவே சும்மா போய் உழைக்கிறாள் என்று நினைக்க வேண்டாம், அதுவும் பாடம்தான்.

எனக்கு அது எப்படிப் பாடமானது என்று சொல்கிறேன். தோ பாயோவில் ஓரறை வாடகை வீடு. இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி. கையில் படிவத்தோடு, "உங்கள் குடும்ப வருமானம் எவ்வளவு?" என்று ஆரம்பித்தேன். "அது கிடக்கட்டும், முதல்ல உட்காரு" என்று மைலோ கலக்கப் போய்விட்டார். சாயங்காலம் என் மேற்பார்வையாளர் படிவத்தைக் கேட்கவில்லை. வாசலில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். இரண்டு ஜோடி வெள்ளைப் பள்ளிக் காலணிகள் என்றேன். "செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கா?" என்றார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வாரத்தில் எத்தனை மணி நேரம் மேற்பார்வையாளர் மகளோடு உட்கார்ந்து பேசுவார்? இதைப் பயிற்சி தொடங்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது பயிற்சியிடத்தில் நான்கு வாரம் கோப்புகளை நகல் எடுக்க வைத்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அந்த வாரங்கள் போனதுதான். உங்கள் மகளுக்கு அப்படி நேர்ந்தால் இரண்டாவது வாரமே துறை ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

சரி, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சில நாள் அவள் பேசாமல் வந்து உட்காருவாள். அங்கே கேட்டதை வீட்டில் சொல்லக் கூடாது. யார், எந்தப் புளோக் என்று துருவாதீர்கள். சோற்றைச் சூடாக எடுத்து வைத்துப் பக்கத்தில் இருங்கள்.