டிரெய்லரின் சக்கர அச்சு எங்கே இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கப்பல் பட்டறையின் வரைபடப் பிரிவில் எடைக் கணக்கு எழுதிய நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததால்தான் உங்களிடம் இதைக் கேட்கத் தோன்றியது. நான் சிங்கப்பூரின் ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன்; ஏர்கான் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். மகள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிவிட்டாள். அவள் வீட்டுக் கராஜில் இருவர் படுத்துறங்கக்கூடிய கண்ணீர்த்துளி வடிவச் சிறு டிரெய்லர் ஒன்றை என் கையாலேயே கட்டி, மனைவியுடன் அங்கே தெற்கிலுள்ள ஆல்பனி ஊர் வரையாவது போய்வர ஆசை. படம் வரைந்துவிட்டேன், வடிவம் அழகாக வந்திருக்கிறது. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை, அதன் கீழே தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும். பலகைகளை இங்கேயே வெட்டி அனுப்பலாமா? அடுத்து எதில் கைவைப்பது?

அன்புடன்,
ஈசூன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் பின்மேடையின் கீழே இருக்கின்றன என்பதுதான். வடிவத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 1930களில் அமெரிக்காவில் பரவிய இந்த வடிவம், நான்கடிக்கு எட்டடிப் பலகையின் அளவுக்குள் அடங்குவதால், வீட்டில் கட்டுபவர்களுக்கு இன்றும் பொருந்திவருகிறது. ஆனால் சமையலறை வாலில் இருப்பதால் அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திரம், தண்ணீர் என்று கனமானவை எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் போய்ச் சேருவது இதன் பிறவிக் குணம். அதைக் கணக்கில் கொள்ளாமல் கட்டிய டிரெய்லர் நகரத்துக்குள் ஒழுங்காக ஓடும். நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போதோ, பெரிய லாரி ஒன்று கடந்து காற்று மோதும்போதோ இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, அந்த ஆட்டம் தானாக அடங்காமல் வளர்ந்து, இழுக்கும் காரையும் சேர்த்துச் சாலையை விட்டு வெளியே தள்ளிவிடக்கூடும்.

ஆகவே பலகையில் கைவைக்கும் முன் ஒரு தாளில் கைவையுங்கள். கப்பலில் ஏறும் ஒவ்வொரு பொருளின் எடையையும் இடத்தையும் நாங்கள் எழுதிவைத்ததைப் போலவே மூன்று பத்திகள் போடுங்கள்: பொருள், அதன் எடை, காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டையிலிருந்து அதன் தூரம். கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தியுள்ள 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் முழுப் பலகை ஒன்று ஏறத்தாழ 21 கிலோ வரும். ஆனால் மரத்துக்கு மரம் இது மாறுபடும் என்பதால், வாங்கும் கடையிலேயே ஒரு பலகையை நிறுத்துப் பார்ப்பது நல்லது. மெத்தை, பசை, திருகு, சாயம், கதவுக் கீல் எதையும் விடாதீர்கள்.

ஒவ்வொரு பொருளின் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வண்டியின் எடை மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, உருண்டையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது கிடைக்கும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு உருண்டையின் மேல் இறங்க வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு. பத்து விழுக்காடு போதும் என்று கொண்டால், எடை மையத்தின் தூரத்தை 0.9ஆல் வகுத்து வருகிற தூரத்தில் சக்கர அச்சு இருக்க வேண்டும். உங்கள் வண்டி 500 கிலோ, எடை மையம் உருண்டையிலிருந்து 2.16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: அச்சு 2.4 மீட்டரில் அமையும், உருண்டையின் மேல் 50 கிலோ இறங்கும். இப்போது அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 40 லிட்டர் தண்ணீரை நிரப்புங்கள். மொத்த எடை 540 கிலோவாகக் கூடும்போதே உருண்டையின் மேலுள்ள எடை 33 கிலோவாகக் குறைந்து, ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். பாதுகாப்பாகப் புறப்பட்ட வண்டியை ஒரு பெட்ரோல் நிலையத்துத் தண்ணீர்க் குழாயே மாற்றிவிடுகிறது. அதனால்தான் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே, கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொல்கிறேன். அங்கே அது நிறைந்தாலும் காலியானாலும் முன்பக்க எடை மாறுவதில்லை.

பேட்டரியை மூக்கில் வைத்துச் சமையலறைக்கு ஈடுகட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும். விழுக்காடு சரியாக வந்துவிடும்தான். என்றாலும் இரு முனையிலும் கனமுள்ள வண்டி ஒருமுறை ஆடத் தொடங்கினால் அதை நிறுத்துவது கடினம். தராசுத் தட்டுகள் சமமாக நிற்பது வேறு, ஆடும் தராசு விரைவில் அடங்குவது வேறு. கனமானவை அச்சை ஒட்டி, தரையை ஒட்டி இருக்கட்டும். பேட்டரியையும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையாக வாங்கினால், அதே கொள்ளளவுள்ள ஈய பேட்டரியின் எடையில் பாதிகூட வராது. கட்டி முடித்ததும், பயணத்துக்கான எல்லாச் சாமான்களையும் ஏற்றி, வண்டியைச் சமமாக நிறுத்தி, உருண்டைக்கு மாட்டும் முனையைக் குளியலறை எடைக் கருவியின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து இறக்கி நிறுத்துப் பாருங்கள். தாளில் வந்த எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். உங்கள் மகளின் கார் எவ்வளவு எடையை உருண்டையில் தாங்கும் என்பதும் அதன் கையேட்டில் இருக்கும். அந்த அளவைத் தாண்டக் கூடாது.

பலகைகளை இங்கே வெட்டி அனுப்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்புச் சோதனை மரப்பொருள்களில் மிகக் கண்டிப்பானது, அங்கேயே வாங்குங்கள். இங்கே செய்யவேண்டிய வேலை வேறு. வரவேற்பறைத் தரையில் வண்டியின் உட்புற அளவை ஒட்டுநாடாவால் குறித்து, அட்டைப்பெட்டிகளால் சுவரையும் கூரையின் உயரத்தையும் அமைத்து, நீங்களும் உங்கள் மனைவியும் ஓர் இரவு அதற்குள் படுத்து எழுந்து பாருங்கள். நான்கடி அகலம் இருவருக்குப் போதுமா, முழங்கால் வலியோடு அந்தச் சிறு கதவு வழியாக நள்ளிரவில் வெளியே வர முடியுமா என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. ஐந்தடி அகலம் தேவை என்று உங்கள் மனைவி சொன்னால் அவர் சொல்வதையே ஏற்றுக்கொள்ளுங்கள். பலகையில் ஓர் இணைப்புக் கூடுவது பெரிய விலையன்று. மாதிரியை வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் அச்சின் மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டாவிட்டால் அதற்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. உங்கள் வண்டியை அதற்குள் அடக்கிவிடலாம். பாதுகாப்புச் சங்கிலி, விளக்குகள் போன்றவற்றின் விதிகளையும், சொந்தமாகக் கட்டிய டிரெய்லரைப் பதிவுசெய்யும் முறையையும் மேற்கு ஆஸ்திரேலியப் போக்குவரத்துத் துறையிடம் இரும்பு வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த பரப்பில் நீர் படிவதைத் தொழிலாகவே பார்த்தவர் நீங்கள். அடைத்த சிறு அறையில் இருவர் விடும் மூச்சு, குளிர்கால இரவில் அலுமினியக் கூரையின் உட்புறத்தில் துளித்துளியாக இறங்கும். கூரைக்கும் உள்பலகைக்கும் நடுவே நுரைப்பலகை வையுங்கள். தாழ்வாக ஒன்று, கூரையில் ஒன்று என மூடாத காற்றுவழிகள் இரண்டு இருக்கட்டும். ப்ளைவுட்டின் முகத்தைவிட அதன் விளிம்பும் திருகுத் துளையும்தான் நீரைக் குடிக்கும். துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்சிப் பிசினால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே திருகுக்கான துளையை மீண்டும் இடுங்கள். வேலை இரட்டிப்பாகும், ஆனால் நீர் மரத்தைத் தொடாது. பின்கதவின் கீல் ஓரத்தில் இதை ஒரு திருகுக்கும் விட்டுவிடாதீர்கள், மழை முதலில் நுழைவது அங்கேதான்.

எரிவாயுக் கலனை வண்டிக்கு வெளியே, முன் இழுவைக் கம்பியின் மேல் பொருத்துங்கள், அதன் எடையையும் தாளில் சேர்த்துக்கொண்டு. எவ்வளவு மழை பெய்தாலும், எவ்வளவு குளிரினாலும் படுக்கும் அறைக்குள் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

எடைத் தாளை எழுதி முடித்ததும் படத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். அச்சின் இடத்தை நானும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கிறேன். அதன் பிறகு இரும்பு வாங்குங்கள்.

அன்புடன்.